குட்டைக்கு எந்த மீன்? தண்ணீர் எங்கே வடிகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்

மச்சான் போன மாதம் போன் செய்தார். மன்னார்குடிப் பக்கம், வயலை ஒட்டி ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) அளவுக்குப் பண்ணைக் குட்டை வெட்டி முடித்திருக்கிறார். ஆற்றில் தண்ணீர் வந்ததும் குஞ்சு விட வேண்டும், எந்த மீன் என்றுதான் முடிவாகவில்லை. நாலு பேர் நாலு யோசனை சொல்லியிருக்கிறார்கள். கிஃப்ட் திலேப்பியாதான் லாபம் என்கிறார் பயிற்சிக்குப் போய்வந்த நண்பர். பங்கேசியஸ் என்கிறார் தீவனக் கடைக்காரர். குஞ்சு கொண்டுவரும் வண்டிக்காரர், "கெளுத்தி விடுங்கண்ணே, அஞ்சே மாசம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமா மட்டும், "விரால் விடுங்கடா, வேற எதுக்கு?" என்கிறாராம்.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "மச்சான், குட்டை நிரம்பி வழிஞ்சா தண்ணி எங்க போகும்?"

"வாய்க்காலுக்குத்தான். அங்கேருந்து பாமணியாறு."

அப்படியென்றால் பாதி முடிவு அந்தப் பதிலிலேயே இருக்கிறது. மீன்களை ஒப்பிடும்போது எல்லோரும் மூன்று கணக்குப் போடுவார்கள்: எத்தனை மாதத்தில் வளரும், தீவனம் எவ்வளவு தின்னும், கிலோ என்ன விலைக்குப் போகும். நான்காவதாக ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன். இந்த மீன் வெளியே போய்விட்டால் என்ன ஆகும்? டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மீன் வெளியே போகுமா என்று கேட்க வேண்டியதே இல்லை. எந்த வருடம் போகும் என்பதுதான் கேள்வி.

எங்கள் குட்டையில் அது 2021-ல் நடந்தது. கரை ஓரிடத்தில் அரை அடி தாழ்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரே ராத்திரியில் கட்லாவும் ரோகுவும் வாய்க்காலோடு போய்விட்டன. அதே இரவு, இரண்டு வயல் தள்ளி இன்னொரு குட்டையும் வழிந்தது. அதில் இருந்தது ஆப்பிரிக்கக் கெளுத்தி. அடுத்த சித்திரையில் ஊர்க்குளத்தை இறைத்து மீன் பிடித்தபோது முழங்கை நீளக் கெளுத்திகள் வலையில் வந்தன. நாட்டு மீன்களான குறவையையும் ஆராலையும் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வருடத்து வலையை வைத்து, இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குக் குளக்கரையில் நின்றபோது, என் கட்லா போனது எனக்கு மட்டும் நஷ்டம், அந்தக் கெளுத்தி போனது ஊருக்கே நஷ்டம் என்று தோன்றியது. இப்போதும் அப்படியே நினைக்கிறேன்.

பெரிய அளவில் இதைக் காட்டியது 2018 கேரள வெள்ளம். பண்ணைகளிலும் வளர்ப்புத் தொட்டிகளிலும் இருந்த அரபைமா, அலிகேட்டர் கார், ஆப்பிரிக்கக் கெளுத்தி எல்லாம் வெள்ளத்தோடு ஆறுகளுக்குள் போயின. அமேசானில் வாழ வேண்டிய அரபைமா கேரள மீனவர்களின் வலையில் ஏறியது. இது புதுக் கதையும் அல்ல. இமாசலப் பிரதேசத்தின் கோவிந்த்சாகர் நீர்த்தேக்கத்துக்குள் 1971-ல் ஒரு மீன் பண்ணையிலிருந்து வெள்ளிக் கெண்டை வெள்ளத்தில் தப்பிப் போனது. யாரும் திட்டமிட்டு விடவில்லை. அது அங்கேயே பெருகி, அந்த நீர்த்தேக்கத்தின் முக்கிய மீனாகிவிட்டது. கட்லா பின்னுக்குப் போய்விட்டது.

சரி, வெளியூர் மீன் என்றால் எது? இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வெளிநாட்டு மீன் கெட்டது, இந்திய மீன் நல்லது என்று பிரிப்பது வசதியாக இருக்கிறது, ஆனால் ஆற்றுக்கு நாட்டு எல்லை தெரியாது. ரோகுவும் மிர்காலும் கங்கைச் சமவெளியின் மீன்கள். கட்லாவும் காவிரியில் இயற்கையாக இருந்ததல்ல, கோதாவரியிலிருந்து கொண்டுவந்து விட்டதுதான். காவிரிக்கே உரியவை என்று சொன்னால் கருமுழிக் கெண்டை, வெண்கெண்டை போன்றவை. மேட்டூர் அணை கட்டிய பிறகு அவை குறைந்துபோயின. இன்று மீன் கடையில் அந்தப் பெயர்களைச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. ஆகவே நம் குட்டையில் விடும் எந்த மீனையும், 'இது இந்த ஆற்றினதா?' என்றுதான் கேட்க வேண்டும்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். முதலில் ஜிலேபி. மச்சானின் பட்டியலில் அது இல்லை, ஆனாலும் அதைச் சொல்லாமல் மற்றவற்றைப் பேச முடியாது.

ஜிலேபிக் கெண்டை என்று நாம் சொல்லும் மொசாம்பிக் திலேப்பியா ஆப்பிரிக்க மீன். 1952-ல் பாங்காக்கிலிருந்து மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. ஏழைகளுக்கு மலிவாகப் புரதம் கிடைக்கும் என்பதுதான் நோக்கம், அந்த எண்ணத்தில் தவறு சொல்ல முடியாது. ஆனால் இந்த மீன் இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிட ஆரம்பித்துவிடும். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும், அதனால் சாவு குறைவு. குளம் நெரிசலாகும், நெரிசலில் மீன் வளராது, உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். 1959-ல் இதைப் பரப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தபோது காலம் கடந்திருந்தது. அமராவதி அணை முதல் நம் தெருமுனைக் குட்டை வரை இன்று அது இல்லாத தண்ணீரைக் காண்பது அரிது. யாரிடமும் கேட்காமல் விட்டாலும், நிபுணர்கள் கூடி யோசித்து விட்டாலும், போன மீன் போனதுதான்.

இதற்கு மறுபக்கம் இருப்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையின் வறண்ட வலயக் குளங்களில் அதே ஐம்பதுகளில் விடப்பட்ட திலேப்பியாதான் அங்கே உள்நாட்டு மீன்பிடியையே உருவாக்கியது. அந்தக் குளங்கள் மனிதர் கட்டியவை. தேங்கிய பெருநீரில் பெருகக்கூடிய உள்ளூர் மீன் அங்கே அதிகம் இருக்கவில்லை. கடலிலிருந்து தள்ளி இருக்கும் எத்தனையோ குடும்பங்களின் சோற்றுத் தட்டில் இன்றும் அதுதான் மீன். வெளியிலிருந்து வந்த எல்லாமே அழிவு என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒத்துவந்தது என்பதை வைத்து இங்கேயும் ஒத்துவரும் என்று நம்பக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது கிஃப்ட். இது நைல் திலேப்பியா. 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஒரு திட்டத்தில் எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளிலிருந்து எடுத்த மீன்களையும் ஆசியப் பண்ணை மீன்களையும் கலந்து, நன்றாக வளர்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கினார்கள். மரபணு மாற்றிய மீன் என்று சிலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. நல்ல விதை நெல்லைப் பொறுக்கி எடுப்பது மாதிரிதான். ஐந்தாறு மாதத்தில் அரை கிலோ வரும், முள் குறைவு, குழம்புக்கும் வறுவலுக்கும் நன்றாக இருக்கும். விற்பனையில் குறை சொல்ல முடியாது.

சிக்கல் இனப்பெருக்கத்தில்தான். ஜிலேபிக்குச் சொன்னது எல்லாம் இதற்கும் பொருந்தும். அதனால்தான் ஆண் மீன்களை மட்டும் வளர்க்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. குஞ்சாக இருக்கும்போதே மூன்று வாரத்துக்கு மேல் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கிவிடுகிறார்கள். நல்ல பொரிப்பகத்தில் பெரும்பாலும் ஆணாகவே வரும், ஆனால் நூற்றுக்கு நூறு என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆயிரம் குஞ்சில் இருபது பெண் இருந்தாலே போதும், ஒரு வருடத்தில் குட்டை நிறைந்துவிடும். வாய்க்காலுக்குப் போனால் ஏற்கெனவே இருக்கும் ஜிலேபியோடு கலந்து கலப்பினமும் உண்டாகும். போதாக்குறைக்குத் திலேப்பியா ஏரி வைரஸ் என்ற நோயும் இந்தியாவுக்குள் வந்துவிட்டது. எங்கிருந்தோ மலிவாகக் குஞ்சு வாங்கினால் மீனோடு நோயும் வரும்.

இத்தனை சொல்லியும் கிஃப்டை நான் முழுக்க ஒதுக்க மாட்டேன். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ மேட்டு நிலத்தில் தார்ப்பாய் விரித்த குட்டை, போர்வெல் தண்ணீர், வெளியே போக வழியே இல்லை என்றால் கிஃப்ட் நல்ல தேர்வு. மீன்வளத்துறையில் பதிவு செய்துகொண்டு, அங்கீகாரம் பெற்ற பொரிப்பகத்தில் குஞ்சு வாங்கிச் செய்யலாம். அதே மீனைப் பாமணியாற்றுக்கு வடிகிற குட்டையில் விடுவது வேறு விஷயம். மச்சானுக்கு அது சரிப்படாது.

ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பற்றி ஒப்பிட ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அது தடை செய்யப்பட்ட மீன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வங்கதேசம் வழியாகத் திருட்டுத்தனமாக மேற்கு வங்கத்துக்குள் வந்தது, 2000-ல் இந்திய அரசு தடை போட்டது. காற்றையும் சுவாசிக்கும், ஈரமான கரையில் ஊர்ந்தும் போகும், கோழிக்கழிவு முதல் சக மீன் வரை கிடைத்ததைத் தின்னும். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குள் புகுந்த இந்த மீனைப் பிடித்து அகற்றவே பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். வண்டிக்காரர்கள் இதை ஆப்பிரிக்க மீன் என்று சொல்லி விற்பதில்லை. 'கெளுத்தி' என்பார்கள், 'மாகூர்' என்பார்கள், சிலர் 'நாட்டு மீன்' என்றே சொல்லிவிடுவார்கள். அடையாளம் எளிது. நாட்டு மாகூர் அரை கிலோவை எட்டவே திணறும். ஐந்து மாதத்தில் கிலோவுக்கு மேல் வரும் என்று யாராவது ஆசை காட்டினால் அது எது என்று சந்தேகமே வேண்டாம். தடை இருந்தும் இன்னும் விற்கிறது, இன்னும் வளர்க்கிறார்கள். மூடிய கதவுக்குப் பக்கத்தில் ஜன்னல் திறந்திருக்கிறது என்றுதான் இதைப் பார்க்கிறேன், எனக்கு இதில் கோபமே உண்டு.

பங்கேசியஸ் இவற்றுக்கு நடுவில் வருகிறது. இதுவும் தொண்ணூறுகளில் வங்கதேசம் வழியாக வந்தது, பிறகு ஆந்திராவில் பரவியது, அரசு வழிகாட்டுதல் பிறகுதான் வந்தது. மீகாங் ஆற்றில் நெடுந்தூரம் போய் முட்டையிடும் மீன் என்பதால் நம் குட்டையில் இனப்பெருக்கம் செய்யாது. அது ஒரு நிம்மதி. ஆனால் முழுக்க வாங்கும் தீவனத்தில் வளர்க்க வேண்டும், தீவன விலை ஏறினால் கணக்கு கவிழும். ஓட்டல்காரர்கள் வாங்குவார்கள், எங்கள் பக்கத்து வீடுகளில் அந்த ருசி இன்னும் ஒட்டவில்லை. ஒரு மா குட்டைக்கு இது தேவையில்லாத சுமை. 'ரூப்சந்த்' என்று வரும் பாக்கு மீனுக்கும் ஏறக்குறைய இதே பதில்தான்.

மிஞ்சுவது கெண்டைகளும் விராலும்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் காவிரிக்கு வேற்று ஆற்று மீன்கள் என்று முன்பே சொன்னேன். அப்புறம் ஏன் இவற்றைச் சிபாரிசு செய்கிறேன்? ஒரு காரணம், இவை தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது. வெள்ளம் புரண்டோடும் ஆறு வேண்டும். அதனால்தான் 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரி ஊசி போட்டு இவற்றை முட்டையிட வைத்தது அவ்வளவு பெரிய திருப்பமானது. அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். இரண்டாவது காரணம், இவை பல பத்தாண்டுகளாக ஊர்க்குளங்களிலும் அணைகளிலும் வருடம் தவறாமல் விடப்பட்டு வருபவை. நம் குட்டையிலிருந்து நாலு மீன் தப்பினால் புதிதாக ஒரு ஆபத்து முளைக்கப்போவதில்லை. மேற்குமலையில் ஓடைத் தண்ணீர் தேங்கும் இடத்தில், இன்னும் தன் சொந்த மீன்களோடு இருக்கும் ஓர் ஆற்றின் தலைப்பில் குட்டை வைத்திருக்கிறீர்கள் என்றால் இதே கட்லாவை நான் வேண்டாம் என்பேன்.

வளர்ப்பும் எளிது. கட்லா மேல்மட்டத்தில் தின்னும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். நாலு பங்கு கட்லா, மூன்று பங்கு ரோகு, மூன்று பங்கு மிர்கால் என்று விட்டு, சாணமும் தவிடும் புண்ணாக்கும் போட்டால் பத்துப் பன்னிரண்டு மாதத்தில் கிலோ அளவுக்கு வரும். கூட்டு வளர்ப்பு என்று சொல்லி வெள்ளிக் கெண்டையையும் சாதாக் கெண்டையையும் சேர்க்கச் சொல்வார்கள். சாதாக் கெண்டை குளத்திலேயே முட்டையிடும், கரை மண்ணைக் கிளறும். அதைத் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் யோசனை. குட்டையில் பாசி, களை அதிகம் என்றால் கொஞ்சம் புல்கெண்டை சேர்ப்பதில் தவறில்லை.

விரால் மாமாவின் ஆசை மட்டும் அல்ல, எனக்கும் அதுதான் ஆசை. இந்த மண்ணின் மீன், தப்பிப் போனாலும் தன் வீட்டுக்குத்தான் போகிறது. கட்லாவைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. தண்ணீர் குறைந்தாலும் சாகாது, காற்றைக் குடித்து நிற்கும். ஆனால் நேர்மையாகச் சொன்னால் முதல் முறை வளர்ப்பவருக்கு விரால் கடினம். குஞ்சு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஒரே அளவாகப் பிரித்து விடாவிட்டால் பெரியது சின்னதைத் தின்றுவிடும். உயிர் இரையிலிருந்து குருணைத் தீவனத்துக்குப் பழக்க வேண்டும். வாய்க்காலில் தாய் விரால் காவல் நிற்கும் செங்குஞ்சுக் கூட்டத்தை அள்ளிவந்து விடுவது சுலபம், ஆனால் அப்படி அள்ளினால் நாட்டு மீனைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்ல நமக்கு வாய் இருக்காது. பொரிப்பகக் குஞ்சு கிடைத்தால் மட்டும் செய்யலாம்.

முறையாகக் கொண்டுவந்தால் வெளி இனத்தை வைத்தும் தொழில் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு வனாமி இறால் நல்ல உதாரணம். பசிபிக்கின் மறுகரையில், மெக்சிகோ, பெரு பக்கத்து இறால் அது. தொண்ணூறுகளில் வெள்ளைப்புள்ளி நோய் நம் கறுப்பு இறால் பண்ணைகளைச் சூறையாடிய பிறகு பண்ணைக்காரர்கள் இதைக் கேட்டார்கள். 2003-ல் சோதனை அளவில் தொடங்கி, ஆபத்துகளை ஆராய்ந்து, 2009-ல்தான் பரவலாக அனுமதி வந்தது. ஆறு வருடம். நோயற்றது என்று சான்று பெற்ற தாய் இறால் மட்டுமே வரலாம். வந்ததும் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகுதான் பொரிப்பகத்துக்குப் போகும். 2009-ல் வந்த விதிகளின்படி பண்ணை பதிவு பெற்றிருக்க வேண்டும், சதுர மீட்டருக்கு 60-க்கு மேல் விடக் கூடாது, கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் வெளியே விடக் கூடாது. இதையெல்லாம் எல்லோரும் அப்படியே கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. நோய்களும் நின்றுவிடவில்லை. ஆனால் 1952-ல் ஜிலேபி வந்த விதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஐம்பது வருடத்தில் நாம் ஏதோ கற்றிருக்கிறோம் என்று தெரிகிறது. கடல்சார் ஆய்வுக்கான சர்வதேச மன்றத்தின் நடைமுறைக் கோவை இன்னும் ஒருபடி மேலே போகிறது. கொண்டுவந்த தாய் உயிரிகளைத் திறந்த நீரில் விடவே கூடாது, தனிமையில் வைத்து அவை ஈனும் குஞ்சுகளைச் சோதித்து அவற்றை மட்டுமே விட வேண்டும் என்கிறது. தாயோடு ஒட்டிவரும் நோயும் ஒட்டுண்ணியும் அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்பதால்.

ஆனால் இந்தக் காவல் எல்லாம் பெரிய வாசலில் நிற்பது. ஒரு மா குட்டைக்காரருக்கு ஆபத்து வருவது குஞ்சு வண்டியின் ஆக்ஸிஜன் பையில். கட்லா குஞ்சு என்று வாங்கிய பையில் பத்து ஜிலேபி இருந்தால் போதும், ஆறு மாதத்தில் அது ஜிலேபிக் குட்டை. ஆகவே குஞ்சைப் பையோடு குட்டையில் கொட்டாதீர்கள். வெள்ளைத் தொட்டியில் ஊற்றி, நாலு கை அள்ளிப் பாருங்கள். மீசை தெரிகிறதா, முதுகுத் துடுப்பில் முள் குத்துகிறதா, உடம்பில் பட்டை இருக்கிறதா. சந்தேகம் என்றால் திருப்பி அனுப்புங்கள். விரலளவுக் குஞ்சாக வாங்கினால் அடையாளம் காண்பது இன்னும் எளிது, காசு கொஞ்சம் கூடுதல்.

வீட்டுத் தொட்டி மீனையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன வாங்கிய சக்கர் மீன் பெரிதானதும் பாவம் பார்த்துக் குளத்தில் விட்டுவிடுகிறோம். அது பெருகி வலையைக் கிழிக்கிறது, கரையைத் துளைக்கிறது, யாரும் தின்பதும் இல்லை. வளர்க்க முடியவில்லை என்றால் விற்ற கடையிலேயே கொடுத்துவிடுங்கள். வந்த பிறகு அகற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எண்ணூர், பழவேற்காடு மீனவர்களைக் கேட்க வேண்டும். தென் அமெரிக்கக் கடலோரத்துச் சிப்பி ஒன்று, அவர்கள் காக்கா ஆழி என்று அழைப்பது, ஆற்றின் அடிமண்ணையே போர்வை போல மூடிவிட்டது. காலால் துழாவி இறால் பிடித்தவர்கள் இன்று அங்கே கால் வைக்க முடியவில்லை.

மச்சானிடம் இதையெல்லாம் இரண்டு மூன்று நாள் போனில் பேசினேன். கிஃப்ட் நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இந்த வருடம் கட்லா, ரோகு, மிர்கால், கூடவே நூறு புல்கெண்டை என்று முடிவாகியிருக்கிறது. அரசுப் பண்ணையில் விரலளவுக் குஞ்சுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். விராலுக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி கட்டி, அடுத்த வருடம் இருநூறு குஞ்சில் பழகிப் பார்க்கலாம் என்றேன், மாமா சரி என்றுவிட்டார். வழிந்தோடும் குழாய் வாயில் நுண்கண்ணி வலை ஒன்று, அதற்கு வெளியே கல் நிரப்பிய தொட்டி ஒன்று, இரண்டும் போடச் சொல்லியிருக்கிறேன். கரையைப் போன வருட வெள்ள மட்டத்துக்கு மேல் இரண்டடி உயர்த்த வேண்டும். புரட்டாசிக்குள் மண் போட்டு முடிக்க ஜேசிபி கிடைக்குமா என்று நேற்று கேட்டுக்கொண்டிருந்தார்.